தாய்ப்பத்திரத்தில் இருந்த ஓடை

பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். உடன்குடிப் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே கிடந்த நஞ்சை, காம்பவுண்டுக்குள் வரிசை வீடுகளாக மாறியதில் என் கை இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. விவரம் தெரியாமலும் செய்யவில்லை. அந்தக் குளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே வீடு வாங்கிக் குடியிருக்கிறவர்கள் என் தப்புக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்தே இங்கே நிலத்துக்கு விலை ஏறத் தொடங்கிவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்றுதான் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு வெகு முன்னாலேயே வெளியூர்க் கார்கள் எங்கள் தெருவில் நிற்க ஆரம்பித்தன. அப்படி வந்த ஒருவர்தான் அந்த நிலத்தை மொத்தமாகப் பேசி முடித்தார். வீடுகளை ஒரு பக்கமாக நெருக்கிக் கட்டி, மீதி இடத்தைத் திறந்தவெளியாக விடுவதுதான் அவருடைய திட்டம். நல்ல யோசனைதான், தாழ்ந்த பக்கத்தைத் திறந்துவிட்டு மேட்டில் கட்டினால். ஆனால் கரையை ஒட்டிய வரிசைக்குத்தான் விலை கூடுதல். வீடுகள் பள்ளத்தில் வந்தன. பூங்கா மேட்டுக்குப் போனது.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, பழையபடி நாலு கல் நட்டு விற்றுவிட முடியாது. மாஸ்டர் பிளான் இல்லாத ஊர்களில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன. மனு போட வேண்டும், அடங்கல் நகல் வைக்க வேண்டும், வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தைப் பெற வேண்டும். அந்த மனுவை எழுதியது நான். ‘தொடர்ந்து பல ஆண்டுகளாகச் சாகுபடி ஏதுமின்றித் தரிசாகக் கிடக்கிறது’ என்று எழுதினேன். அடங்கலிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு எழுத்து பொய் இல்லை.

ஏன் தரிசு என்பதை நான் எழுதவில்லை. தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது உபரித் தண்ணீர் சடையநேரி கால்வாய் வழியாக எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு வர வேண்டும். நாங்கள் கடைமடை. தண்ணீர் திறந்துவிடச் சொல்லி விவசாயிகள் மனு கொடுப்பதும் சாலையில் உட்காருவதும் இங்கே பழகிப்போன காட்சி. கடல் பக்கத்திலேயே இருப்பதால், குளம் காய்ந்தால் கிணறு உப்பாகும். தென்னையும் வெற்றிலைக் கொடியும் வாடும். அந்த நஞ்சை பயன்படாத நிலம் அல்ல. தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த நிலம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. கீழ்க்குளத்து ஆயக்கட்டுக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், ஒரு சாயங்காலம் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தம்பி, அந்த மறுகால் ஓடைய ஒரு வரி எழுதிரும். தண்ணி வந்தா அந்த வழியாத்தான எங்க குளத்துக்கு வரணும்.”

“எழுதிருதேன் அண்ணாச்சி, நீங்க கவலைப்படாம போங்க” என்றேன்.

குளம் நிரம்பி வழியும் தண்ணீரைக் கொண்டுபோகும் அந்த மறுகால் ஓடை பட்டா நிலத்துக்குள்ளேயே போகிறது. புலப்படத்தில் தனிக்கோடு கிடையாது, புறம்போக்கு எண்ணும் கிடையாது. அது இருப்பதற்கு ஒரே எழுத்துச் சாட்சி அந்த நிலத்தின் பழைய தாய்ப்பத்திரம். நான்கெல்லைக்குக் கீழே, மேற்படி ஓடை வழியாகத் தண்ணீர் போகும் மாமூல் பாத்தியத்துக்கு உட்பட்டது என்று பழைய கையெழுத்தில் தெளிவாக இருந்தது. புதுக் கிரயப் பத்திரத்தில் நான் அந்த வரியை விட்டுவிட்டேன். வாங்குகிறவர் ‘வில்லங்கம் மாதிரி தெரியுதே’ என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்தடுத்த பத்திரங்களும் என்னிடமே வரும் என்ற கணக்கு மனசுக்குள் ஓடியது. வந்தன. அந்தப் பணத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினேன்.

2023 டிசம்பர் 17, 18-இல் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறியது. அந்த மழையில் எந்த ஊர்தான் தப்பித்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லா இடத்திலும் வடிந்த பிறகும் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. மறுகால் பழைய தடத்தைத் தேடி வந்து காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசில் வீடு வாங்கிய குடும்பம் ஒன்று, கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டு அரிசி மூட்டையைக் காப்பாற்றியது. சுவருக்கு அந்தப்புறம் கீழ்க்குளத்துக்கு வர வேண்டிய மறுகால் வரவில்லை.

கூந்தன்குளமும் பள்ளிக்கரணையும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பள்ளிக்கரணையை ஒட்டிப் பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டக் கிளம்பியபோது, 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எங்கள் குளங்களுக்கு அந்தக் காப்பும் இல்லை. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளுக்குள் வரமாட்டா. ஏரிகளைக் காக்க 2007-இல் மாநிலம் போட்ட சட்டம் குளத்தைக் காக்கும். பட்டா நிலத்துக்குள் ஓடும் மறுகாலை எங்கே காக்கும்? பழைய பத்திரத்தில் யாரோ ஒரு எழுத்தர் கவனமாக எழுதிவைத்த ஒரு வரிதான் காத்தது. என்னைப் போன்ற ஒருவன் கை வைக்கும்வரை.

தாய்ப்பத்திரத்தின் நகலையும், அந்த வரியை விட்டது நான்தான் என்று கையெழுத்திட்ட கடிதத்தையும் அந்த அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அவர் அதைக் கொடுத்திருக்கிறார். ஓடையை மீட்டால் முதலில் இடிபடுவது அந்த வளைகுடாக் குடும்பத்தின் பின்சுவர். அவர்களுக்கும் பத்திரம் எழுதியது நான்தான். அவர்களிடம் இதை இன்னும் சொல்லவில்லை.