'எதிர்நீச்சல்' அப்பாயி, 'மெய்யழகன்' அப்பா... எங்கள் வீட்டின் 2024 டாப் லிஸ்ட்!

டிசம்பர் பிறந்துவிட்டால் டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்குச் செய்தி எழுதுவது இரண்டாவது வேலையாகிவிடும். முதல் வேலை, பட்டியல் போடுவது. ஆண்டின் டாப் 10 படங்கள், டாப் 10 வெப் சீரிஸ், அதிகம் மீம் ஆன வசனம்... எக்ஸெல் ஷீட்டில் ஒரு பக்கம் வசூல், இன்னொரு பக்கம் எங்கள் தளத்தில் அந்தப் பட விமர்சனத்துக்குக் கிடைத்த வியூஸ். இரண்டையும் கூட்டிக் கழித்தால் பட்டியல் ரெடி. இந்த மாதம் அப்படி நான்கு போட்டுவிட்டேன். ஐந்தாவதாக இதை எழுதுகிறேன். இதில் வியூஸ் கணக்கு கிடையாது.

எங்கள் வீடு திருச்சி கே.கே. நகரில். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, அப்பாயி, காலேஜ் செகண்ட் இயர் படிக்கும் தம்பி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நெட்ஃப்ளிக்ஸ் கணக்கு. மாதம் 199 ரூபாய் பிளான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். தனித்தனி ப்ரொஃபைல் கிடையாது. 'வீடு' என்று தம்பி போட்டுவைத்த ஒன்றே ஒன்று. அதனால் யார் எந்தப் படத்தை எங்கே நிறுத்தினார்கள் என்பது மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். போஸ்டருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு நிற்குமே, அதைத்தான் சொல்கிறேன். இந்த வருடம் ஆபீஸ் டேஷ்போர்டைவிட அந்தக் கோட்டைத்தான் நான் அதிகம் கவனித்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்பாயிக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது. அவருடைய 2024 ஜூன் 8-ம் தேதியே முடிந்துவிட்டது. சன் டி.வி-யில் 'எதிர்நீச்சல்' முடிந்த நாள். 2022 பிப்ரவரியில் தொடங்கி இரண்டு வருடத்துக்கும் மேலாக, இரவு 9.30 ஆனால் எங்கள் வீட்டில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. இயக்கியவர் திருச்செல்வம். அம்மாக்களிடம் 'கோலங்கள்' எடுத்தவர் என்றால் உடனே புரியும். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியிலேயே நிறுத்திவைக்கும் ஆதி குணசேகரன் வீட்டுக் கதை.

அப்பாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சீரியலை அவர் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ம் தேதி, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். தினமும் ராத்திரி அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த அப்பாயி அன்று சாப்பிடவில்லை. பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர். ஆனால் அப்பாயிக்கு முகம் மாறியதில் ஒன்றும் இல்லை, குரல் மாறியதுதான் சங்கடம். "வேற யாரோ பேசுறான்" என்று பல வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொடர் முடிந்த மறுநாள் 'ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்?' என்று ஒரு செய்தி வேண்டியிருந்தது. வீட்டிலேயே ரசிகை இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும் என்று அப்பாயியிடம் போனை நீட்டினேன். குணசேகரனைத் திட்டுவார், இரண்டு வரி கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "அந்த வூட்டுல மருமவ நாலு பேரு. அடுப்படியில நின்னு ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி அழுவுறதுக்காவது ஆளு இருந்துச்சு. எனக்கு யாரு இருந்தா?"

பதினேழு வயதில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஒற்றை மருமகளாக வந்தவர் அப்பாயி. அந்த வரியை நான் செய்தியில் சேர்க்கவில்லை. இந்த டிசம்பர் 23-ம் தேதி 'எதிர்நீச்சல் தொடர்கிறது' ஆரம்பித்தது. ஜனனியாக வேறு நடிகை. முதல் நாள் முதல் வசனத்திலேயே அப்பாயி கண்டுபிடித்துவிட்டார்.

அம்மாவுக்கு இந்த வருடத்தின் சிறந்த வெப் சீரிஸ், தொண்ணூறுகளில் வந்த ஒன்று. விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 20-ம் தேதி ப்ரைம் வீடியோவில் 'தலைவெட்டியான் பாளையம்' வந்தது. இந்தி 'பஞ்சாயத்'தின் தமிழ் வடிவம், எட்டு எபிசோடுகள். சென்னையிலிருந்து ஒரு பையன் ஊராட்சிச் செயலாளராகக் கிராமத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறான். எனக்கு ஒரு குறை உண்டு. நம் ஊரில் அந்த வேலையில் பெரும்பாலும் உள்ளூர்க்காரரோ பக்கத்து ஊர்க்காரரோதான் இருப்பார். இந்தியில் இயல்பாக உட்கார்ந்த கதை இங்கே கொஞ்சம் கால் நீட்ட முடியாமல் தவிக்கிறது. தலைவர் பதவியில் மனைவி, அதிகாரம் செய்வது கணவர் என்ற இடம் மட்டும் நூறு சதவிகிதம் நம்ம ஊர்.

அம்மா இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. டைட்டிலில் 'நாகா' என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "'மர்ம தேசம்' நாகாவா?" அவரேதான். அடுத்து, தலைவரின் கணவராக சேத்தன், தலைவராக தேவதர்ஷினி. 'மர்ம தேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'வில் ஒன்றாக நடித்துப் பிறகு நிஜத்திலும் தம்பதியானவர்கள். "அதுங்க ரெண்டும் இப்படி வயசாகி ஒரே வூட்டுல சண்டை போடுறதைப் பார்க்க எவ்வளவு நல்லாருக்கு" என்று அம்மா எட்டு எபிசோடுகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தார். சமையல் தம்பி.

நவம்பர் 10-ம் தேதி, 'மர்ம தேசம்' எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். செய்தியை அவசரமாக டைப் செய்துகொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று, லால்குடியில் பாட்டி வீட்டு டி.வி முன்னால் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்ததையும், முடிந்ததும் கொல்லைப்பக்கம் போகப் பயந்து அக்கா தங்கைகள் கைகோத்துப் போனதையும் சொன்னார். அதற்குப் பிறகு யூடியூபில் 'விடாது கருப்பு'வைத் தேடிப் பிடித்து, தினமும் மதியம் பாத்திரம் கழுவி முடித்து ஒரு எபிசோடு. கல்யாணத்துக்கு முந்தைய அம்மாவைப் பற்றி, இருபத்தைந்து வருடத்தில் கேட்டதைவிட அந்த ஒரு மாதத்தில் நான் அதிகம் கேட்டேன்.

அதே செப்டம்பர் 20 தியேட்டருக்கு வந்தது 'லப்பர் பந்து'. தம்பிக்கு இந்த ஆண்டின் ஒரே படம் அதுதான். தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம் என்று நம்பவே முடியவில்லை. 'கெத்து'வாக வரும் தினேஷ் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, முன்வரிசை எழுந்து ஆடியது. ஓ.டி.டி-க்கு வருவதற்குள் தம்பி மூன்று முறை பார்த்துவிட்டான்.

விசில் அடித்த கூட்டம், திறமை இருந்தும் சாதியால் அணிக்கு வெளியே நிறுத்தப்படும் அன்புவையும் கவனித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. தம்பி கவனித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் பந்து ஆடும் அவனுடைய டீமில் நன்றாகப் பந்து வீசும் ஒரு பையன் இருக்கிறான். எந்த டோர்னமென்ட் வந்தாலும் பன்னிரண்டாவது ஆள். இரண்டாவது முறை படம் பார்த்துவிட்டு வந்த இரவு, "அவன் ஏன் எப்பவும் வெளியவே நிக்கிறான்?" என்று டீம் வாட்ஸ்அப் குரூப்பில் தம்பி கேட்டிருக்கிறான். இரண்டு நாள் குரூப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒருவர் "படம் பார்த்துட்டு ஓவரா பண்ணாத தம்பி" என்று போட்டார். இப்போது தம்பியும் அந்தப் பையனும் வேறு டீமில் ஆடுகிறார்கள். புது டீம் படு சுமார், இன்னும் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை.

எனக்கு 'கொட்டுக்காளி'. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கத்தில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23-ம் தேதி 'வாழை'யோடு ஒன்றாக வெளியானது. பின்னணி இசையே இல்லாத படம். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறது. மீனாவாக நடித்த அன்னா பென் படம் முழுக்க கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. 'கருடன்' சூரியை எதிர்பார்த்து வந்தவர்கள் தியேட்டரில் நெளிந்தார்கள். விளக்கு எரிந்ததும் பின்வரிசையில் ஒருவர், "இன்டர்வலா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்படியொரு படத்தை ஹீரோ படம் பார்க்கும் மனநிலையோடு வருபவர்களிடம் கொண்டுபோனால் அதுதான் நடக்கும்.

ஆனால் எனக்கு வயது 25. வரன் பேச்சு வரும்போதெல்லாம் சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசுவார்கள். நான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அதைச் சம்மதம் என்று ஒருவரும், திமிர் என்று இன்னொருவரும் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டோவுக்குள் மீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறு இசை தேவைப்படவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'அமரன்' வந்தபோது திருச்சியே தன் பிள்ளைக்கு அவார்டு கிடைத்த மாதிரி நடந்துகொண்டது. சிவகார்த்திகேயன் இங்கே படித்து வளர்ந்தவர் என்பதால் இந்த ஊரில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்காராதவரே இல்லை! 'மகாராஜா'வை அம்மா பாதியில் நிறுத்தியவர்தான், கோடு இன்னும் அங்கேயே நிற்கிறது. 'வாழை' பார்த்த பிறகு, காந்தி மார்க்கெட் பக்கம் தார் சுமந்து போகிறவர்களின் கழுத்தைப் பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை.

இப்போது அந்தக் கோடு.

'மெய்யழகன்' செப்டம்பர் 27-ம் தேதி தியேட்டருக்கும், அக்டோபர் 25-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸுக்கும் வந்தது. '96' எடுத்த பிரேம்குமார் இயக்கம். சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பும் குடும்பம். 22 வருடம் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழியாக அரவிந்த்சாமி. அங்கே 'அத்தான்' என்று உருகும், ஆனால் பெயர் ஞாபகம் வராத ஒரு சொந்தக்காரராக கார்த்தி. ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. அவ்வளவுதான் படம்.

எங்களுக்கும் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் ஒரு வீடு இருந்தது. 2006-ல் விற்றார்கள். பங்கு பிரித்ததில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்த பேச்சு, பேச்சையே நிறுத்திவிட்டது. அப்போது எனக்கு ஏழு வயது. பெரியப்பா இன்றும் ஸ்ரீரங்கத்தில்தான், வேறு தெருவில், வாடகைக்கு. ஜங்ஷனில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் எளிதாகப் போய்விடலாம். மாதம் ஒருமுறை அப்பாயியைப் பார்க்க அவர் இங்கே வருவார். அன்று பார்த்து அப்பாவுக்கு உழவர் சந்தையில் வேலை வந்துவிடும். பெரியப்பா கிளம்பிய பிறகு ஒரு கட்டு கீரையோடு திரும்புவார்.

தீபாவளி சமயத்தில் 'மெய்யழகன்' போஸ்டருக்குக் கீழே சிறியதாக ஒரு கோடு வந்தது. நாங்கள் மூன்று பேரும் தியேட்டரிலேயே பார்த்துவிட்டோம். அப்பாயிக்கு நெட்ஃப்ளிக்ஸ் கிடையாது. அப்படியானால் அப்பா. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும் காட்சிகள் வரும் இடம். நவம்பர் முழுவதும் அந்தக் கோடு நகரவில்லை. தம்பி எதையோ தேடும்போது அதைப் பார்த்துவிட்டு, "அழிச்சுடவா?" என்றான். அம்மா, "இருக்கட்டும் விடு" என்றார்.

டிசம்பர் 13, கார்த்திகை தீபம். வாசலில் அகல் ஏற்றிவிட்டு எல்லோரும் உள்ளே வந்த பிறகும் அப்பா மாடிப்படியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை கோடு கிட்டத்தட்ட கடைசிக்கு வந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவராகவே என் மேஜைப் பக்கம் வந்தார். "ஏம்மா, அந்தப் படத்துல 18 நிமிஷத்தை வெட்டிட்டாங்களாமே?" ஆமாம், படம் நீளம் என்று பேச்சு எழுந்ததால் ரிலீஸுக்குப் பிறகு குறைத்தார்கள். நாங்களே செய்தி போட்டிருக்கிறோம்.

"வெட்டாம விட்டிருக்கலாம். ராத்திரி பூரா பேசுற படத்துல பேச்சைக் குறைச்சா எப்படி?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நாங்களும் கொள்ளிடம் மணல்ல விடிய விடிய படுத்துக் கெடந்து பேசுவோம். அண்ணன் தூங்கவே விடாது" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து 'அண்ணன்' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. பேச வேண்டிய கட்டாயம் வந்தால் 'உங்க பெரியப்பா' என்பார்.

போன வாரம் ராத்திரி, நான் இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது மறுபடி வந்தார். "நம்ம நெட்ஃப்ளிக்ஸ் பாஸ்வேர்டை ஸ்ரீரங்கத்துல ஒரு போன்ல போட்டா வேலை செய்யுமா?"

"2023-லயே ரூல் போட்டுட்டாங்கப்பா. ஒரே வீட்டுல இருக்கறவங்க மட்டும்தான் பார்க்கணுமாம்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

பெரியப்பா இந்த மாதம் இன்னும் அப்பாயியைப் பார்க்க வரவில்லை.