செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்

ஆனி பிறந்துவிட்டால் திருநெல்வேலியிலிருந்து மேற்கே சைக்கிள் மிதிப்பது சும்மா இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று கேட்பாரில்லாமல் வந்து நெஞ்சில் மோதும். இறக்கத்திலும் மிதித்தால்தான் வண்டி நகரும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளை நட்டவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். டீக்கடையில் நிறுத்தினால், "மேக்கயா போறிய அண்ணாச்சி? திரும்பி வரும்போது காத்தே கொண்டாந்து விட்டுரும்" என்பார்கள். போகிறவனுக்கு அதில் ஆறுதல் ஒன்றுமில்லை. தென்காசிச் சாலை நான்கு வழியான பிறகு, ஓரத்து மரங்களும் போய், ஒதுங்க நிழலும் இல்லை.

அதனால் நான் தாமிரபரணி ஆற்றின் தென்கரை வழியைத்தான் பிடிப்பது. மேலப்பாளையம், கோபாலசமுத்திரம், மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. பாலம் தாண்டினால் அம்பாசமுத்திரம். வழியெல்லாம் வயல், வாழை, வாய்க்கால். தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற கால்வாய்களில் கன்னடியன் கால்வாய் இந்தப் பக்கத்தில் அடிக்கடி கூட வரும். தை மாதம் பிசான நெல் அறுப்புக்கு நிற்கும்போது வந்தால் காற்றும் தொந்தரவு செய்யாது, வெயிலும் கொஞ்சம் இரக்கம் காட்டும். கியர் சைக்கிளைப் பார்த்ததும் எந்த ஊரிலும் முதல் கேள்வி விலை. உண்மையைச் சொன்னால் "அதுக்கு ஒரு பைக்கே வாங்கிரலாமே" என்பது அடுத்தது. பதில் சொல்லிச் சமாளிக்கவே முடியாத கேள்வி. இப்போதெல்லாம் பாதி விலை சொல்லிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அடுத்து மலையேறத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது மலையேறாத சாலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியை ஒட்டி, தென்காசிக்குத் தெற்கே மத்தளம்பாறை, கடையம், ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், பாபநாசம் என்று வடக்குத் தெற்காக ஓடுகிற வழி. மத்தளம்பாறையில் ஜோஹோவின் மென்பொருள் அலுவலகம். அங்கிருந்து கொஞ்ச தூரம் மிதித்தால் பாரதி 1918 முதல் 1920 வரை குடியிருந்த கடையம், செல்லம்மாளின் ஊர். வலது கைப்பக்கம் மலை விடாமல் கூடவே வரும். எதிரே நின்று பார்க்கும்போது ஒரே சுவராகத் தெரிகிற மலை, பக்கவாட்டில் போகும்போது மடிப்பு மடிப்பாகப் பிரியும். ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஓர் ஆறு இறங்கும்.

நெல்லைச் சீமையில் பேப்பர் படிக்கிறவர்களுக்கு அணை நீர்மட்டம் தினப்படிப் பாடம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84 என்று முழுக் கொள்ளளவு சிறுபிள்ளைக்கும் மனப்பாடம். எனக்கும் அவை வெகுகாலம் வெறும் எண்களாகவே இருந்தன. இந்தச் சாலையில் போனபோதுதான் அவை வரிசையாக ஊர்களாயின. ராமநதி, ஜம்புநதி என்று ஒவ்வொன்றாகப் பாலம் தாண்டுவோம். சில பாலங்கள் காரில் போனால் கண்ணிலேயே படாத அளவுக்குக் குட்டை. எல்லாம் கடனாநதியில் கூடி, அது திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து கடலுக்குப் போகிற ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பொய்யில்லைதான். ஆனால் மிதித்துப் பார்த்த காலுக்கு அது பத்துப் பதினைந்து ஓடைகள் பேசிவைத்துக்கொண்டு கூடிய ஆறு. திருப்புடைமருதூருக்கு வீரவநல்லூரிலிருந்தும் சின்னச் சாலை உண்டு. 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கோயிலையும் ஆற்றையும் சுற்றிய மருத மரங்களில் கூடுகள். கோபுரத்துக்குள்ளே மரச்சிற்பமும் சுவரோவியமும் இருக்கின்றன. அதற்காகவே அரைநாள் ஒதுக்கலாம்.

பாபநாசத்தில் வனத்துறைச் செக்போஸ்ட். அதற்கு மேலே முண்டந்துறை, காரையாறு, சொரிமுத்தையனார் கோயில். 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. சைக்கிள்காரர்கள் கூடும் இடமெல்லாம் இங்கே ஒரு மனத்தாங்கல் கேட்கும். புகை கிடையாது, சத்தம் கிடையாது, எங்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டால் என்ன? வேன்கள் போகவில்லையா? ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் போகவில்லையா?

எனக்கு இந்த வாதம் ஏறவில்லை. நாம் பெருமையடிக்கிற அந்தச் சத்தமின்மைதான் காட்டில் வம்பு. இன்ஜின் சத்தம் தூரத்தில் கேட்டால் கரடியும் யானையும் ஒதுங்க நேரம் கிடைக்கும். சைக்கிள் வளைவைச் சுற்றி ஓசைப்படாமல் வேகமாக வந்து முன்னால் நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் திடுக்கிடும். நடப்பவனுக்கும் இல்லாத ஆபத்து இது. நாம் கிளம்ப விரும்புகிற விடியலும் வீடு திரும்புகிற அந்தியும் கரடிக்கும் நடமாடும் நேரம். கேட்டுக்கு வெளியேகூட இது கதையில்லை. 2022 நவம்பரில் சிவசைலம் பக்கத்தில் சாலையில் வந்த வியாபாரி ஒருவரைக் கரடி கடித்துக் குதறியது. காப்பாற்றப் போனவர்களும் தப்பவில்லை. பிறகு பிடித்த அந்தக் கரடியும் செத்துப்போயிற்று. கடையம் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு வண்டியோட்ட வேண்டாம் என்று டீக்கடையில் சொன்னால், அது வெளியூர்க்காரனைப் பயமுறுத்தச் சொல்வதில்லை.

சைக்கிள் காட்டுக்குப் பாவமறியாத விருந்தாளியும் இல்லை. அடிவார ஊர்களில் விறகு எரித்த காலத்தில் தலைச்சுமையாக இறங்கியது போக, கேரியரில் கட்டியும் இறங்கியது. இறக்கம் முழுக்க பிரேக் கட்டை தேயத் தேய, ஆள் உயரத்துக்கு விறகு. வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? 1990களில் கிராம வனக்குழுக்கள் வைத்து, பெண்களுக்குக் கடன் கொடுத்து, வேறு தொழில் காட்டிய பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது. ஊர்க்காரர்கள் காட்டுக்குள் போவதைக் குறைத்துக்கொண்ட பிறகு, உல்லாசத்துக்கு நாம் உள்ளே போவோம் என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

மாஞ்சோலையைப் பற்றியும் இதே பேச்சுத்தான், அங்கே கூச்சம் இன்னும் கூடுதல். மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ஏறுகிற சாலை எந்தச் சைக்கிள்காரனுக்கும் கனவு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் கீழே வீடு தேடுகிற நேரத்தில், மேலே போய் ஹேர்ப்பின் வளைவை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

தெற்குப் பாதி வேறு மாதிரி. சேரன்மகாதேவிக்கு இறங்கிக் களக்காட்டுச் சாலையைப் பிடித்தால் இருபுறமும் வாழை. ஏத்தன் தார்களை ஏற்றிய மினி லாரிகள் ஒதுங்க இடம் தராது. களக்காட்டுக்குத் தெற்கே திருக்குறுங்குடி. டி.வி.எஸ். என்று நாடறிந்த சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்த ஊர். வடக்கே தாண்டி வந்தோமே ஆழ்வார்குறிச்சி, அது சிம்சன் அனந்தராமகிருஷ்ணனின் ஊர். தமிழ்நாட்டில் மோட்டார் தொழிலை வளர்த்த இரண்டு பேரும் இந்த அடிவாரத்து ஆட்கள். சைக்கிளுக்கு இதைவிட நல்ல சாலை கிடையாது என்கிற என் கட்சிக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

பணகுடியை நெருங்கும்போது மறுபடி காற்று பிடிக்கும். இது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. வடக்கே ஒரு கணவாய், தெற்கே ஒரு கணவாய்; இடையில் அகத்தியமலை சுவர் வைத்ததுபோல் நிற்பதால்தான் நடுவில் அம்பாசமுத்திரம், களக்காட்டுப் பக்கம் அவ்வளவு நிம்மதியாக மிதிக்க முடிந்தது. காற்றாலைகள் எங்கே கூட்டமாக நிற்கின்றன என்று பார்த்தாலே இது விளங்கும். பணகுடியில் நான்கு வழிச்சாலை ஏறி வடகிழக்கே திரும்பினால் அந்தக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். வள்ளியூர், நாங்குநேரி வரை காலுக்கு வேலை குறைவு. சோர்ந்த தொடைக்கு அது பெரிய உபகாரம். பின்னால் வருகிற லாரிக்கும் அதே காற்றுதான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.