நலம் விசாரிக்க மறந்த நாம்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



கள்ளக்குறிச்சியில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் மாலை வகுப்பு மஃரிப் தொழுகைக்குப் பின்னரே தொடங்கும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளில் பெரும்பாலோர் மைதானத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். பாங்கு சொன்னதும் ஓடிவந்து, புழுதிக் கால்களைக் கழுவி, உளூச் செய்து ஸஃபில் நிற்பார்கள். அதை நாம் ஒருபோதும் தடுத்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் அவர்களில் ஐந்து பேர் நம்மிடம் வந்து, பேனர் அடிக்கப் பணம் திரட்டித் தர முடியுமா என்று கேட்டனர். ஊரில் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கவிருந்தது. தங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மைதானத்தின் வாயிலில் கட்ட வேண்டும் என்பது அவர்களின் ஆசை.

அந்த மனிதரை ஊரில் 'கோச் பாய்' என்றே அழைப்பார்கள். அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறோம். ஆயினும் பெயரைத் தவிர்க்கிறோம். இளமையில் தடுப்பாட்டக்காரராக விளையாடியவர். பெரிய ஆட்டக்காரர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆட்டம் முடியும்வரை ஓடுவதை நிறுத்தாதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். பகலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார்; மாலையில் ஒரு பைசா வாங்காமல் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். முஸ்லிம் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள், கல்வராயன் மலையிலிருந்து வந்து நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் என்று அவர் பேதம் பார்த்ததில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகன் சாலை விபத்தில் வஃபாத்தானான். பத்தொன்பது வயது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவில் பள்ளிவாசல் நிறைந்து வழிந்தது. நாமும் கலந்துகொண்டோம். மூன்று நாள்கள் அவருடைய வீட்டுக்குச் சென்று துஆச் செய்தோம். மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய உழைப்பைப் புகழ்ந்து பலரும் எழுதினர், நாமும் எழுதினோம். நான்காம் நாள் முதல் அவரவர் வேலையில் மூழ்கினோம். அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார். சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துவிட்டு மலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை.

எனவே பேனர் யோசனை நமக்கு மகிழ்ச்சி அளித்தது. "நல்ல காரியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஐவரோடு வந்திருந்த மலை ஊர்ப் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "அவரு எங்க பக்கத்துலதான் டீக்கடை வெச்சிருக்காரு சார். இங்கேர்ந்து யாரும் வந்ததே இல்லைன்னு சொன்னாரு."

அந்தப் பிள்ளை குற்றம் சாட்டவில்லை, தெரிந்ததைச் சொன்னான். நமக்குத்தான் தலை நிமிரவில்லை. ஹதீஸ் கிரந்தங்களை மாணவர்களுக்கு விளக்கும் நாம், பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு மனிதரை மூன்றாண்டுகளாக நலம் விசாரிக்கவில்லை.

நாம் பலமுறை பாடமாக நடத்திய ஒரு நிகழ்ச்சி அப்போது நினைவுக்கு வந்தது. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவர் சில நாள்களாகக் காணப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். அது பெருமானாருக்கு அறிவிக்க வேண்டிய அளவு முக்கியமான செய்தியாக அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு, அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். வழக்கமாகக் கண்ணில் படும் ஒருவரைக் காணவில்லை என்பதை உணர்ந்து "எங்கே?" என்று கேட்டது சுன்னத்தாக நமக்கு முன் நிற்கிறது. நாமோ கேட்கவே இல்லை.

அன்றிரவு வகுப்பில் வழக்கமான பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து ஆசிரியரின் வரலாற்றைச் சொன்னோம். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் அவர்கள் 1909 ஆம் ஆண்டு பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பிறகு பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 'ரஹீம் சாஹிப்' என்று நாடறிந்த அவர் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி அளித்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவருடைய பயிற்சியில் இந்தியா 1951 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பிடித்தது. சிறுவர்களைப் பழக்கப்பட்ட காலால் உதைக்கவிடாமல், பலவீனமான காலால் மட்டும் ஆட வைத்துப் போட்டி நடத்தியவர் அவர். இதைக் கேட்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். கோச் பாயும் அவர்களை அப்படித்தான் இடது காலால் ஆட வைத்தாராம்.

1962 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் இறுதியாட்டம் நடந்தது. அந்த நாள்களில் எழுந்த அரசியல் கசப்பினால் மைதானத்தில் திரண்ட கூட்டம் இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலையில் பட்ட காயத்துக்குத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் சாஹிப் முன்வரிசையில் இறக்கினார். முதல் கோலை பி. கே. பானர்ஜியும் இரண்டாவது கோலை ஜர்னைல் சிங்கும் அடித்தனர். குழுச் சுற்றில் தன்னைத் தோற்கடித்த தென் கொரியாவை இந்தியா 2–1 என்று வென்றது. அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிக்குப் பின் ரஹீம் சாஹிப் ஓராண்டுகூட வாழவில்லை. நுரையீரல் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1963 ஜூன் 11 அன்று அவர் இறையடி சேர்ந்தார். ஜகார்த்தாவின் ஆரவாரத்துக்கும் அந்த மரணத்துக்கும் இடையே ஒன்பது மாதங்களே இருந்தன. 2024 ஆம் ஆண்டு ஒரு திரைப்படம் வந்த பிறகுதான் நம் பிள்ளைகள் பலருக்கு அவருடைய பெயரே தெரியவந்தது. காலம் கடந்து வரும் புகழ், நோய்ப்படுக்கையில் இருப்பவரின் கையைப் பிடிப்பதில்லை.

"அப்படியென்றால் ரசிகர்களின் பாசம் பொய்யா ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பொய்யல்ல என்பதற்கும் ஒரு சான்று உண்டு. நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் ஆடிய அப்துல் ஹக் நூரி, மொராக்கோவிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை. 2017 ஜூலை 8 அன்று ஆஸ்திரியாவில் நடந்த நட்புமுறை ஆட்டத்தில், இருபது வயதான அவர் இதயத்துடிப்பு நின்று மைதானத்திலேயே சாய்ந்தார். உயிர் தப்பினார், ஆனால் மூளை மீளமுடியாத பாதிப்புக்கு உள்ளானது. செய்தி வந்ததும் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய வீட்டு வாசலில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் திரண்டனர். தந்தையும் சகோதரர்களும் வெளியே வந்து அவர்களுக்கு நடுவே நின்றனர். பின்னர் வேறு அணிகளுக்குச் சென்ற நண்பர்கள் பலர் அவருடைய 34 ஆம் எண்ணை அணிந்து ஆடினர். மைதானத்தில் அளிக்கப்பட்ட முதலுதவி போதுமானதாக இல்லை என்று 2018 ஆம் ஆண்டு அந்த அணியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இனி ஒரு கோல்கூட அடிக்க இயலாத இளைஞரின் வாசலுக்கு மக்கள் வந்தார்கள் என்பதே அந்தப் பாசத்தின் உண்மைக்குச் சாட்சி. தவறியவர்கள் தவறை ஒப்புக்கொள்வதும் பாசத்தில் சேர்ந்ததே என்று மாணவர்களிடம் கூறினோம். அதைச் சொல்லும்போது நமது தவறும் நம் கண்முன் நின்றது. அதையும் அவர்களிடம் ஒப்புக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேனருக்காகச் சேர்ந்த பணத்தில் பயணச்சீட்டு எடுத்து, பிள்ளைகளுடன் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினோம். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. வளைவுகளில் பேருந்து திணறி ஏறியபோது, பிள்ளைகளின் பேச்சு அடங்கியது. மரவள்ளி வயல்களும் பலா மரங்களும் கடந்துபோயின. அவரிடம் என்ன சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை. பொறுமையைப் பற்றி ஒரு சிறு பயான் மனத்தில் தயாராக இருந்தது.

தகரக் கூரை வேய்ந்த சிறிய கடை. நம்மைக் கண்டதும் அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். ஸலாம் சொன்னோம். "மன்னித்துவிடுங்கள் பாய், நாம் முன்பே வந்திருக்க வேண்டும்" என்றோம். தயாரித்து வைத்திருந்த பயான் மறந்துபோயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். அதன்பின் அவர் சொன்ன ஒரு சொல் இன்னும் நம் நெஞ்சில் நிற்கிறது.

"ஹஜ்ரத், எம் மவன் பேரை யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க. சொன்னா நான் அழுதுடுவேன்னு பயப்படுறாங்க. அழுதா என்ன? அவன் பேரைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

துயரத்தில் இருப்பவரிடம் பிரிந்தவரின் பெயரை எடுப்பது இங்கிதமல்ல என்றே நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் யஅகூப் (அலை) அவர்கள் மகன் யூசுஃபின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏனைய மக்கள் அதைக் குறைசொன்னபோதும் நிறுத்தவில்லை. அழுதழுது கண்கள் வெளுத்தன. அவர்களுடைய பொறுமையையே குர்ஆன் அழகிய பொறுமை என்று நமக்குக் காட்டுகிறது. நபி (ஸல்) அவர்களும் தம் மகன் இப்ராஹீமை மடியில் ஏந்திக் கண்ணீர் சிந்தினார்கள். அதைத் தோழர்களிடமிருந்து மறைக்கவில்லை. கண்ணீர் பொறுமைக்கு எதிரானதல்ல. அழுகைக்கு அஞ்சி நாம் விலகி நிற்பதுதான் துயருற்றவரைத் தனிமையில் ஆழ்த்துகிறது.

பிள்ளைகளில் ஒருவன் அந்த மகனின் பெயரைச் சொல்லி, "அண்ணன்தான் எனக்கு மொதமொதல்ல பூட்ஸ் கயிறு கட்டிவிட்டாரு" என்றான். அவர் அழுதார். பின்னர் மகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். லுஹர் நேரமானதும் கடையின் பின்புறத்தில் பாய் விரித்து ஜமாஅத்தாகத் தொழுதோம். புறப்படும்போது அவர் அந்தப் பையனின் தோளைத் தட்டி, "எடது காலால ஒதைக்கிறியா, இல்ல மறந்துட்டியா?" என்று கேட்டார்.

அவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. திரும்பும்படி நாமும் வற்புறுத்தவில்லை. மாதம் ஒருமுறை பிள்ளைகள் சிலர் மலைக்குச் சென்று வருகிறார்கள்; இயன்றபோது நாமும் செல்கிறோம். பேனர் அடிக்கப்படவில்லை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் ஆட்டக்காரர்களை நேசிப்பது குறித்து நம்மில் பலர் கவலைப்படுகிறோம். எல்லை மீறாதவரை அந்த நேசத்தில் ஒரு நன்மையும் உண்டு: உழைப்பை மதிக்க அது அவர்களுக்குக் கற்பிக்கிறது. அந்த மதிப்பை அருகில் இருப்பவர்பக்கம் திருப்பிவிடுவது நம் பொறுப்பு. உங்கள் மஹல்லாவிலும் ஒருவர் இருப்பார். முன்பு பாங்கு சொன்னவராக இருக்கலாம். ஜனாஸாக்களுக்குக் கபுறு வெட்டியவராக இருக்கலாம். உங்களுக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுத்த முதிய உஸ்தாதாக இருக்கலாம். சில காலமாக அவரைக் காணவில்லையே என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு செல்லுங்கள். நீண்ட உபதேசம் வேண்டாம். ஸலாமும் சற்று நேரமும் போதும். அவர் இழந்தவரின் பெயர் தெரிந்தால், அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

நோயுற்ற அடியானை நலம் விசாரிக்காதவனிடம் அல்லாஹ் மறுமையில் அதுகுறித்துக் கேட்பான் என்று நபிமொழியில் படித்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு நாணமின்றி விடையளிக்கும் மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் அவன் ஆக்கியருள்வானாக. கோச் பாயின் மகனுக்கும், ரஹீம் சாஹிப் அவர்களுக்கும், நம்மை முந்திச் சென்ற அனைவருக்கும் அவன் மன்னிப்பளிப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.