இன்னொரு முறுக்கு
மாண்ட்ரியலில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். கியூபெக் மாகாணத்துக் கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் வேண்டும் என்பது சட்டம். குளிரில் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடுமாம்.

தம்பியே வாசலில் மாற்றினான். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி வைத்துத் தூக்கினான். பூட்டும்போது எதிரெதிராக முறுக்கினான். நான் பக்கத்தில் நின்று காபி குடித்தேன், அதுவும் ஒத்தாசைதானே!

"நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு தரம் முறுக்கிப் பார்க்கணும், அண்ணா" என்றான். மறந்து போனான். நானும்தான்.

நாலாம் நாள், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த அவன் மனைவி, "முன் சக்கரத்தில் ஏதோ டக் டக்கென்கிறது" என்றாள்.

ஐந்து நட்டுகளில் மூன்று வெறுங்கையாலேயே சுழன்றன. தம்பி வாய் திறக்கவில்லை. நான்கு சக்கரங்களையும் முறுக்கினான். நான் எண்ணிக்கொண்டே நின்றேன்: இருபது.