சத்தம் கேட்டு வண்டி சொல்லு

"நடந்தா வலப்பக்கம், மிதிச்சா இடப்பக்கம், நான் யாரு?"

வில்லியனூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனா மருமகனுக்கு நான் போடுற விடுகதை. விடை, ரோட்டுல போற பள்ளிக்கூடத்துப் பையன். நடைபாதை இல்லாத ரோட்டுல எதிர்ல வர்ற வண்டி தெரியிற மாதிரி வலது ஓரமா நடக்கணும்; சைக்கிள்னா வண்டிகளோட இடது ஓரம். சிக்னல், வரிக்குதிரைக் கோடு விடுகதையெல்லாம் டவுன் பசங்களுக்குங்க. இந்தக் கிராமத்து ரோட்டுக்கு உதவாது.

இன்னொரு ஆட்டம், திண்ணையில கண்ண மூடிக்கிட்டு சத்தத்த வச்சு வண்டி பேரச் சொல்றது. டிராக்டர், டவுன் பஸ், புல்லட் எல்லாம் பயபுள்ள நொடியில சொல்லிட்டான். நடுவுல ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் போச்சு.

"ஒண்ணும் வரல மாமா."

கண்ணத் திறந்தா வண்டி முக்கு திரும்பிட்டிருக்கு! நாமெல்லாம் காத நம்பியே ரோடு தாண்டி வளந்த ஆளுங்க. அவனுக்கு அது பத்தாது. அவனே புது விதி போட்டுட்டான்: ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் விடை சொல்லணுமாம்.

அப்புறம் அதுல என்ன விளையாட்டுன்னு கேக்காதீங்க மக்களே :-)