நிற்கக் கற்பித்தவர்

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து மான்கள் மேயுமிடத்தை அடைந்ததும் எம் மகள் உட்கார்ந்துவிட்டாள். "முழங்கால் நோகுது, அப்பா" என்றாள். வயது பதினொன்று. அவளுடைய அப்பம்மாவோ எமக்கு முன்னே மலையேறிக்கொண்டிருந்தார்.

அவள் பரதம் பயிலத் தொடங்கி ஒன்றரை ஆண்டாகியிருந்தது. ஆசிரியரைத் தேர்ந்தவர்கள் நாமே. உட்துறைமுக வீதியிலுள்ள எம் வீட்டுக்கு நடை தூரம்; சுவர் நிறைய அரங்கேற்றப் படங்கள்; விரைவில் மேடையேற்றிவிடலாம் என்ற வாக்கு. சேலை வாங்கும்போது முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நாம், இதில் அவ்வளவுகூடப் பார்த்தோமில்லை.

வைத்தியர் விளக்கினார். அரைமண்டியில் பாதங்கள் பக்கவாட்டில் திரும்புவதாயின், அத்திருப்பம் இடுப்பு மூட்டிலே தொடங்க வேண்டும். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே வளைய வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முறுக்கம் முழங்காலில் விழும். "நான் சரியாத்தானே இருக்கிறன்" என்றாள் குழந்தை.

1869இல் டாஸ்மேனியாவிற் பிறந்த அலெக்சாண்டர் என்னும் நடிகரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். மேடையில் அடிக்கடி குரல் கம்மிப்போக, கண்ணாடிகளின் முன் நின்று தம்மையே கவனித்தார். வாய் திறக்கும்போதெல்லாம் தலை பின்னுக்கு இழுபடுவது தெரிந்தது. சரியென்று உடம்பு உணர்வதே பிழையாயிருக்கலாம் என்று கண்ட அவர், 1904இல் லண்டன் சென்று, 1955இல் மறையும்வரை பிறருக்கும் அதைப் பயிற்றினார். எம் பிள்ளைக்கும் பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டியிருந்தது.

உவர்மலையில் ஓர் அம்மையாரிடம் சென்றோம். சுவரில் படமொன்றும் இல்லை. "பிள்ளை, செருப்பைக் கழற்றிப்போட்டு வாசல்மட்டும் நடந்து வாரும், பாப்பம்" என்றார். எந்த முழங்கால், எவ்விடத்தில், எப்போது நோகிறது என்று அவளிடமே கேட்டார், எம்மைக் கேட்கவில்லை. அரங்கேற்றம் எப்போது என்று நாம்தான் அவசரப்பட்டோம். "முதல் ரெண்டு மாசம் அடவே இல்லை. நிக்கப் பழகட்டும்" என்றார்.

"நிக்கிறதுக்கும் காசோ?" என்று அப்பம்மா கேட்டார். அவருக்கு இன்னமும் சமாதானமில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மகள் கோட்டைக்குள் எங்கும் உட்காரவில்லை, சந்நிதிவரை நடந்தாள். இறங்கும்போது இடது முழங்கால் சற்று நொந்ததாம். அதை அம்மையாரிடம் சொல்ல வேண்டுமென்று அவளே எமக்கு நினைவூட்டினாள்.