பின்வாசலில் கேட்ட தமிழ்

எமது இளமைப் பருவத்தில், மட்டாஞ்சேரியில் எம் குடும்பம் குடியிருந்த வீட்டின் பின்புறத்தே எடுப்புக் கக்கூசு ஒன்று இருந்தது. வைகறையில் தகர வாளியும் துடைப்பமும் ஏந்தி ஒரு முதியவர் வருவார். 'தோட்டி' என்பதன்றி அவர் பெயரைக் கேட்டார் எவருமிலர். ஒருநாள் அவர் எம் அன்னையை நோக்கி, "தாயி, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றார். திருநெல்வேலிச் சீமைத் தமிழ்! அண்டை வீட்டுச் சிறுவன், "உங்கள் நாட்டுக்காரனோ?" என்று வினவினான். "அல்ல" என்று மலையாளத்திலேயே விடையிறுத்து உள்ளே ஓடிவிட்டோம்.

இத்தொழிலுக்கெனத் தமிழகத்து ஏழைக் குடும்பங்கள் கேரள நகரங்களில் குடியேற்றப்பெற்ற வரலாற்றை அன்று அறியோம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் வெளியிட்ட 'தோட்டியுடெ மகன்' நாவல், ஆலப்புழையில் அத்தகையதொரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார்.

அண்மையில் ஆப்பிரிக்க நகரங்களைப் பற்றிப் படிக்கையில் அம்முதியவர் மீண்டும் நினைவில் வந்து நின்றார். நைரோபியின் முக்கூரு குடிசைப் பகுதியில், 2011 முதல், சானர்ஜி என்னும் நிறுவனம் சிறு கழிப்பறைகளை அமைத்தது. சாக்கடைக் குழாய் செல்லாத இடம்; குழி தோண்டவும் வழியில்லை. எனவே இருக்கையின் கீழ் ஒரு பெட்டி. நிறைந்ததும் இறுக மூடி எடுத்துச் சென்று வேறொன்று வைப்பர். அப்பகுதி மக்களே கழிப்பறையை வாங்கிக் கட்டணம் பெற்று நடத்தினர். சேர்ந்த கழிவு உரமாயிற்று. அதில் ஈப்புழு வளர்த்துத் தீவனமும் ஆக்கினர். கானாவின் குமாசியிலோ, மாதக் கட்டணத்திற்கு வீடுகளிலேயே பெட்டி வைத்து மாற்றினர்.

நம் பழைய வாளிதானே இது என்று முதலில் எண்ணினோம். ஆயின் அங்கே பெட்டியைச் சுமப்பவர் கையுறை அணிந்து ஊதியம் பெறும் பணியாளர். பிறப்பினால் அவ்வேலைக்கு விதிக்கப்பட்டவர் அல்லர். நம் நாட்டிலோ 1993-இலும் 2013-இலும் சட்டமியற்றிய பின்னரும், கழிவுக் குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர் செய்தி வந்தவண்ணமே உள்ளது.

கொச்சி தாழ்ந்த நிலம். மழைக்காலத்தில் மட்டாஞ்சேரிச் சந்துகளில் குழிகள் பொங்குவதை அறியாதார் யார்? வாத்துருத்தியில் நம் தொழிலாளர் பலர் கூடி வாழும் சிற்றறைகளுக்கு, மூடிய பெட்டி உதவக்கூடும். ஆனால் அதனை எடுக்க வருபவர் எவர், என்ன கூலிக்கு என்று கேளாமல் அதனை வரவேற்க எமக்கு மனமில்லை.

சென்ற ஞாயிறு திருப்பூணித்துறையிலிருந்து அங்கே சென்றிருந்தோம். கழிப்பறை வரிசையில் குடத்துடன் நின்ற அம்மையார், "எந்த ஊருங்க ஐயா?" என்றார்.

"திருநெல்வேலிப் பக்கந்தான், அம்மா" என்று உரக்கவே கூறினோம்.